வேலியோர ஓணானும் நம் பிள்ளைகளின் கல்லும்

பலாங்கொடைப் பக்கம் மத்ரஸா விட்டு வரும் சின்னப் பிள்ளைகள் வேலியில் ஓணானைக் கண்டால் சும்மா போகமாட்டார்கள். "அடிடா, இவன்தான் இப்ராஹீம் நபிட நெருப்ப ஊதினவன்!" என்று கல்லைத் தூக்குவார்கள். நாமும் சின்ன வயதில் எறிந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பிராணி எது, அது செய்த குற்றம் என்ன என்று ஒருநாளும் விசாரித்துப் பார்த்ததில்லை.

நம் தோட்டங்களில் சாதாரணமாகக் காண்பது இரண்டு வகை. ஒன்று மண்ணிறத்துக் கரட்டோணான். மற்றது பச்சோணான். சிங்களத்தில் இரண்டையும் கட்டுஸ்ஸா என்பார்கள். கரட்டோணானுக்கு உடலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளமான வால். கழுத்திலிருந்து முதுகு வழியே முள்வரிசை. 1802இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் டோதான், லத்தீனில் 'வெர்சிகலர்' என்று பெயர் வைத்தார். பல நிறம் காட்டுவது என்று பொருள்.

காலைக் குளிரில் உடல் கருத்திருக்கும். கருமை வெயிலை நன்றாக உறிஞ்சும். சூடு ஏறியதும் வெளிறிவிடும். தோலில் உள்ள நிற அணுக்களில் கருஞ்சாயம் பரவினால் கருமை, சுருங்கினால் வெளிறல். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தோளும் சிவக்கும். வேறு ஆண் வந்தால் தலையை ஆட்டி, முன்னங்காலை ஊன்றி எழும்பி எழும்பிக் காட்டும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் 'இரத்தம் குடிக்கும்' என்ற கதை பிறந்தது. அது குடிப்பதில்லை, தின்பது பூச்சி, எறும்பு, வெட்டுக்கிளி. பெண் ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும்.

ஆக, நிறம் மாறுவது யாரையும் ஏமாற்ற அல்ல. கட்சி மாறுகிறவனைப் 'பச்சோந்தி' என்று ஏசுகிறோமே, அந்தப் பச்சோந்தியும் வேறு பிராணி. கண்களைத் தனித்தனியே சுழற்றி, உடலைவிட நீளமான நாக்கை எறிந்து இரை பிடிக்கும். அதன் அறிவியல் பெயரில் 'சிலோன்' இருந்தாலும் அது வாழ்வது நாட்டின் வறண்ட பகுதியில். நம் ஈரமலையில் அல்ல.

சரி, அந்த நெருப்புக் கதை? ஹதீஸில் வரும் சொல் 'வஸக்'. அது பல்லி இனம். தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் 'பல்லி' என்றே வருகிறது. நிறம் மாறும் பச்சோந்திக்கு அரபியில் 'ஹிர்பா' என்று வேறு பெயர். இமாம் தமீரீ தமது 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் இரண்டையும் வெவ்வேறு தலைப்பில்தான் எழுதியிருக்கிறார். நம்மூரில் யாரோ பல்லியை ஓணானாக்கிவிட, அந்தப் பழி வேலியில் வெயில் காயும் பிராணியின் தலையில் விழுந்துவிட்டது.

காரணமில்லாமல் ஓர் உயிரைக் கொல்வது நம் மார்க்கம் விரும்பாத காரியம். மிளகுக் கொடியில் பூச்சி பிடித்துத் தின்னும் ஓணான் நமக்கு உபகாரிதான். நாளைக்குப் பிள்ளை கல்லை எடுத்தால் கையைப் பிடித்து, "கொஞ்சம் நின்று பாரு மகன், தல எப்பிடிச் செவக்குது எண்டு" என்று சொல்லிக் கொடுங்கள். பார்த்த பிள்ளை கல்லைக் கீழே போட்டுவிடும்.