அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்கலாமா?

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் சாலை ஏறும் கொல்லிமலையில் ‘நாடு’ எனப்படும் ஊர்ப்பகுதிகளுள் குண்டூர் நாடும் ஒன்று. சாமையும் மிளகும் காப்பியும் அன்னாசியும் விளையும் இம்மலையில், திருமணத்தையும் காதணி விழாவையும் கோயில் திருவிழாவையும் படமெடுப்பதும், மலை விளைபொருள்களின் உறைகளுக்குப் படம் அமைத்துத் தருவதும் ஓர் இளைஞர் மேற்கொள்ளத்தக்க தொழில்களே. இத்தொழிலில் இறங்கும் எவருக்கும் கேமராவுக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி, படத்தைத் திருத்தும் மென்பொருளை இப்போதே வாங்குவதா, விரைவில் வரும் என்று பேசப்படும் புதிய பதிப்புக்குக் காத்திருப்பதா என்பதாகும். சென்னையின் பெரிய ஸ்டுடியோவுக்கும் இக்கேள்வி உண்டு. ஆனால் பருவத்தைப் பொறுத்த வருமானமும், இடத்துக்கு இடம் மாறக்கூடிய இணைய வசதியும் கொண்ட மலையூரில் தவறான முடிவின் சுமை கூடுதலாக இருக்கும் என்பதால், இதை நிதானமாக ஆராய்வது தகும்.

முதலில் இம்மென்பொருள் செய்யும் வேலையைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். கேமரா தான் எடுத்த படத்தை இரு வகையில் சேமிக்கிறது. ஜேபெக் என்பது கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் கோப்பு. ரா என்பது கேமராவின் உணரி பதிவு செய்த ஒளி அளவுகளை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு. ஜேபெக்கில் ஒவ்வோர் அடிப்படை நிறத்துக்கும் 256 ஒளிப்படிகளே உண்டு. 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிகள் உண்டு. ஆகாய கங்கை அருவியின் வெண்ணுரையையும் அதைச் சூழ்ந்த பாறையின் இருளையும் ஒரே படத்தில் எடுத்துவிட்டு, பின்னர் பாறையின் நிழலை வெளிச்சமாக்க முயலும்போது, ஜேபெக்கில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிவதும், ரா கோப்பில் அதே நிழலிலிருந்து பாசியின் பசுமை வெளிப்படுவதும் இந்த வேறுபாட்டினால்தான். ரா கோப்பைப் படமாக்குவது மென்பொருளின் வேலையாதலால், மென்பொருள் மேம்பட்டால் பழைய கோப்பிலிருந்தே நல்ல படம் கிடைக்கும். 2023 ஏப்ரலில் லைட்ரூம் மென்பொருளில் சேர்ந்த, செயற்கை நுண்ணறிவால் இரைச்சலை, அதாவது குறைந்த ஒளியில் எடுத்த படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பை, நீக்கும் வசதி, பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த இரவுத் திருவிழாப் படங்களையும் மீண்டும் சீராக்க வழிசெய்தது. ஆகவே புதிய பதிப்பை எதிர்பார்ப்பது வீண் ஆசையன்று. அதற்கு நியாயமான காரணம் உண்டு.

எனினும் மென்பொருள் விற்கப்படும் முறை மாறியிருப்பதைக் கருதாமல் இக்கேள்விக்கு விடை காண இயலாது. தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பை அடோபி நிறுவனம் 1990-இல் வெளியிட்டது முதல் நீண்ட காலம் அது நிலையுரிமத்தில், அதாவது ஒருமுறை பணம் கட்டினால் அந்தப் பதிப்பை எவ்வளவு காலமும் பயன்படுத்தலாம் என்ற முறையில், விற்கப்பட்டது. அந்நாளில், புதிய பதிப்பு வெளியாவதற்குச் சற்று முன்னர் பழையதை வாங்கியவர் மேம்படுத்தலுக்கு மீண்டும் பணம் கட்ட நேர்ந்தது என்பதால் காத்திருப்பதற்குப் பொருள் இருந்தது. ஆனால் 2013 மே மாதத்தில், இனி வரும் பதிப்புகள் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்று அடோபி அறிவித்தது. 2012-இல் வந்த சி.எஸ்.6 நிலையுரிமத்தில் வந்த கடைசிப் போட்டோஷாப் ஆயிற்று. சந்தாவில் மேம்படுத்தல் கட்டணத்துக்குள்ளேயே அடங்குவதால் அங்கே அடுத்த பதிப்புக்குக் காத்திருப்பதில் ஆதாயம் ஏதுமில்லை. அங்கு கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மாதங்களுக்கு அது தேவை என்பதே. மாதந்தோறும் பணம் கட்டினாலும் ஆண்டு முழுவதற்கும் கட்டுப்படுத்தும் திட்டங்கள் உண்டு என்பதும், அவற்றை இடையில் கைவிட்டால் தனிக் கட்டணம் விதிக்கப்படலாம் என்பதும் சேரும் முன்பே படித்தறிய வேண்டியவை.

நிலையுரிமத்தில் விற்கப்படும் மென்பொருள்களைப் பொறுத்தவரை காத்திருப்பு ஒரு பழைய பொருளியல் சிக்கலைச் சார்ந்தது. நெடுங்காலம் உழைக்கும் பொருளை விற்கும் தனி நிறுவனம், விலை பின்னர் குறையும் என்று எதிர்பார்த்து வாங்குவோர் பொறுத்திருப்பதாலேயே தன் விலையைத் தாழ்த்த நேரிடும் என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1972-இல் விளக்கினார். அடுத்த பதிப்பைப் பற்றி முன்கூட்டிச் சொன்னால் கையிருப்பில் உள்ளது விலைபோகாது என்று நிறுவனங்கள் அஞ்சுவதும் இதனோடு தொடர்புடையதே. ஆகையால் உறுதியான வெளியீட்டுத் தேதி வாங்குவோருக்கு முன்னதாகக் கிடைப்பது அரிது. கிடைப்பது பெரும்பாலும் பிறர் சொல்லும் ஊகம்.

அண்மைக் கால நிகழ்வுகள் இரு பக்கத்துக்கும் சான்று தருகின்றன. கூகுள் நிறுவனம் 149 டாலருக்கு விற்றுவந்த நிக் கலெக்ஷன் என்ற துணை மென்பொருள்களை 2016 மார்ச்சில் இலவசமாக்கி, அவ்வாண்டில் வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பியளித்தது. அதற்கு முன்னைய ஆண்டுகளில் வாங்கியோருக்கு அது கிடைக்கவில்லை. பிரிட்டனின் செரிஃப் நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட அஃபினிட்டி மென்பொருளின் இரண்டாம் பதிப்பு விலைக்கு விற்கப்பட்டது. 2024-இல் அந்நிறுவனத்தை வாங்கிய கேன்வா, 2025 அக்டோபரில் புதிய அஃபினிட்டியை இலவசமாகவே வெளியிட்டது. இவ்விரண்டிலும் காத்திருந்தவருக்குப் பணம் மிஞ்சியது. மறுபுறம், இலவச மென்பொருளான கிம்ப்பின் 2.10 பதிப்பு 2018-இலும், அடுத்த பெரும் பதிப்பான 3.0 ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து 2025 மார்ச்சிலும் வந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் அப்பெர்ச்சர் மென்பொருளின் அடுத்த பதிப்பை எதிர்பார்த்திருந்தவர்களுக்கோ, அதன் வளர்ச்சி நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பே 2014-இல் கிடைத்தது. எது எவ்வாறு முடியும் என்பதை முன்கூட்டி அறிய வாங்குவோருக்கு வழியில்லை என்பதே இந்நிகழ்வுகள் கற்பிக்கும் பாடம்.

நிறுவனத்தின் திட்டத்தை அறிய முடியாதபோது, வாங்குபவர் அறியக்கூடிய ஒன்றிலிருந்து, அதாவது தம் வேலையிலிருந்து, தொடங்குவதே முறையாகும். கொல்லிமலை உழவர் காய்ந்த மிளகை நல்ல விலை வரும்வரை மூட்டையில் கட்டி வைக்கலாம். பழுத்த அன்னாசியை அவ்வாறு வைத்திருக்க முடியாது. படத்தொழிலிலும் இவ்விரு வகை வேலைகள் உண்டு. தை மாதத்தில் நடந்த திருமணத்தின் ஆல்பம் மாசிக்குள் கையில் கிடைக்க வேண்டும். அது தள்ளிப்போனால் பணம் தாமதமாவதோடு அடுத்த வாய்ப்பும் பிறரிடம் போய்விடும். ஊரின் பழைய படங்களைச் செப்பனிடுவதும், திருவிழாக்களையும் சாமை அறுவடையையும் எடுத்துச் சேர்த்த ரா கோப்புகளைத் தொகுப்பதும் ஓராண்டு பொறுக்கக்கூடியவை. சொல்லப்போனால், மேம்பட்ட மென்பொருளால் அவை பயனடையவும் கூடும். முதல் வகை வேலை கையில் இருப்பவர் காத்திருக்கக் கூடாது. இரண்டாம் வகை மட்டுமே உள்ளவர் அவசரப்பட வேண்டியதில்லை.

இதனைக் கணக்காகவும் பார்க்கலாம். வரி உட்பட 8,000 ரூபாய் விலையுள்ள ஒரு மென்பொருள் ஓர் ஆல்பத்துக்கு மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்துவதாகவும், அந்த நேரத்தின் மதிப்பு மணிக்கு 150 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஆல்பம் ஒன்றுக்கு 450 ரூபாய் மிஞ்சும். 18 ஆல்பங்களில் போட்ட பணம் திரும்பிவிடும். பொதுவாகத் திருமணங்கள் நடைபெறாத ஆடிக்கு முன்பே அத்தனை ஆல்பங்கள் கிடைக்கும் என்று நம்ப இடமிருந்தால், ஆடிக்குப் பின் எந்தப் பதிப்பு வந்தாலும் இப்போது வாங்கியவருக்கு இழப்பில்லை. ஆண்டுக்கு நான்கு ஆல்பங்களே வரும் என்றால், விலை கொடுப்பதற்கே காரணம் குறைவு. அத்தகையவருக்குக் கிம்ப்பும், ரா கோப்புகளைக் கையாளும் டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளும் போதும்.

மென்பொருளின் விலைக்கு வெளியே நிற்கும் செலவுகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரைச்சல் நீக்கம் போன்ற புதிய வசதிகள், படங்களைக் கணிக்கும் தனிச் செயலியான கிராபிக்ஸ் கார்டு வலுவாக உள்ள கணினியில்தான் விரைவாக நடக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. எனவே பழைய கணினி உடையவருக்குப் புதிய பதிப்பு என்பது சில வேளைகளில் புதிய கணினியாகவே முடியும். மாறாக, பழைய மென்பொருளை வைத்துக்கொண்டு புதிய கேமரா வாங்குபவருக்கு வேறொரு தடை உண்டு: சி.எஸ்.6-க்கான ரா ஆதரவு 2015-உடன் நின்றுவிட்டதால், அதற்குப் பின் வந்த கேமராக்களின் ரா கோப்புகளை அது நேராகத் திறக்காது. அடோபி இலவசமாகத் தரும் மாற்றியைக் கொண்டு டி.என்.ஜி. என்ற பொதுவடிவுக்கு மாற்றிய பின்னரே திறக்க இயலும். சந்தா மென்பொருள்கள் குறிப்பிட்ட இடைவெளியில் இணையத்தோடு இணைந்து உரிமத்தைச் சரிபார்க்கின்றன. படத்தில் இல்லாத பகுதியை வரைந்து நிரப்பும் வசதி போன்றவை படத்தை நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பியே வேலை செய்கின்றன. இணைப்பு நிலையாக இல்லாத மலைக் கிராமத்தில், கணினியிலேயே முழுதும் இயங்கும் மென்பொருளுக்கு இதனால் தனி மதிப்பு உண்டு.

காத்திருக்கும் காலத்தைக் கடப்பதற்குத் திருட்டுப் பிரதியை நிறுவிக்கொள்வது வழியாகாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, உரிமம் மீறிய மென்பொருளைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. இலவசமும் சட்டப்படி சரியானதுமான மென்பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் அந்த ஆபத்தை ஏற்கத் தேவையே இல்லை.

ஆகவே, வாக்குறுதியைப் பார்த்து வாங்காமல், இன்று இயங்கும் பதிப்பைச் சோதனைக் காலத்தில் தம் கணினியிலேயே, தம் படங்களைக் கொண்டே ஓட்டிப் பார்த்து, அது இன்றைய வேலைக்குப் போதுமானால் வாங்குவதும், போதாதெனில் இலவச மென்பொருளில் வேலையைத் தொடர்ந்துகொண்டே ஒரு மாதத்தைக் குறித்து வைத்து அதுவரை மட்டுமே பொறுத்திருப்பதும் தக்க முடிவாகும். வாங்கும் முன், அண்மையில் வாங்கியோருக்கு அடுத்த பதிப்பு இலவசமாகத் தரப்படுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும், ரா கோப்புகளை அழிக்காமல் இரண்டு வட்டுகளில் சேமித்து வைப்பது தவறாமல் செய்ய வேண்டிய கடமை. பதிப்புகள் வரும், மறையும். மூலக் கோப்பு இருந்தால் நாளைய மென்பொருளின் பயனும் இன்று எடுத்த படத்துக்குக் கிடைக்கும்.