மயிலுக்குப் போர்வையும் மாட்டுக்கு வைக்கோலும்

பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த கதையை முப்பது ஆண்டுகளாக வகுப்பறையிற் சொல்லி வந்தவன் நான். கடையெழு வள்ளல்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், "மயிலுக்குக் குளிருமா, சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழும். வகுப்புச் சிரிக்கும்; நானும் சிரிப்பேன். இதுதான் கொடைமடம் என்று விளக்கிவிட்டு அடுத்த வள்ளலிடம் சென்றுவிடுவேன்.

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அந்த வினா இயல்பானதே. எங்கள் ஊரிற் குளிர் என்பது பெரும்பாலும் ஏட்டில் உள்ள சொல். மூன்று புறமும் மலையும் காடும் சூழ, நடுவே ஆழ்ந்து கிடக்கும் துறைமுகத்தின் நீர் மார்கழியிலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அம்மாதத்து இரவிலும் வெப்பநிலை 23, 24 பாகை செல்சியசை விட்டு இறங்குவது அரிது. போதாததற்குக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளை நிலமகளே காய்ச்சி வைத்திருக்கிறாள். காலையிற் சிறிது கூதல் அடித்தால் ஒரு சால்வையும் ஒரு கோப்பை இஞ்சித் தேநீரும் போதும். குளிருக்கென்று ஆயத்தம் செய்த வழக்கம் இங்கே எந்த வீட்டிலும் இல்லை.

புயலுக்கு ஆயத்தம் செய்வோம். அதிற் குறை சொல்ல முடியாது. 1964 டிசம்பர்ச் சூறாவளியை முதியோர் இன்னும் பேசுவர். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த காற்றை என் வயதினர் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26இன் கடற்கோளை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2020 டிசம்பர் 2 இரவில் 'புரெவி' எங்கள் நகருக்கு வடக்கே கரையேறியது. ஆகவே காற்று, மழை, கடல் ஆகிய மூன்றின் குணமும் எங்களுக்குத் தெரியும். நான்காவதாக ஒன்று உண்டு என்பதை 2022ஆம் ஆண்டின் டிசம்பர் மாதம் கற்பித்தது.

அவ்வாண்டு கார்த்திகை விளக்கீடு முடிந்து ஓரிரு நாட்களே ஆகியிருந்தன. 'மண்டூஸ்' எனப் பெயரிடப்பட்ட புயல் வங்காள விரிகுடாவில் எமது கிழக்குக் கரைக்கு அப்பால் வடமேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அது இலங்கையைத் தொடவில்லை. டிசம்பர் 9ஆம் நாள் இரவில் மாமல்லபுரத்தின் அருகே தமிழகக் கரையைக் கடந்தது. புயல் நம்மை விட்டுவிட்டது என்று நாங்கள் ஆறுதல் அடைந்தோம். ஆனால் புயல் என்பது சுழலும் சக்கரம் அல்லவா? அதன் மேற்குப் பக்கத்திற் கிடந்த நம்மீது, வடக்கே இந்தியப் பெருநிலத்தின் குளிர்ந்த காற்றை அது இழுத்து வீசியது. அக்காற்றோடு தூசும் புகையும் வந்தன. வானம் சாம்பல் நிறமாயிற்று. காற்று மாசடைந்ததன் காரணமாக 9ஆம் நாள் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன.

8ஆம் நாள் இரவு நான் செய்தது இதுதான்: வடக்குப் பக்கத்து யன்னல்களை அடைத்தேன், பெட்டியின் அடியிற் கிடந்த கம்பளியை எடுத்து உதறினேன், விளக்கை அருகில் வைத்துக்கொண்டு வாசித்தேன். கரையில் மீனவர் தம் வள்ளங்களை மேலே ஏற்றிக் கட்டிவிட்டனர் என்று கேள்விப்பட்டு, ஊர் ஆயத்தமாகிவிட்டது என்று எண்ணினேன். வெளியே மழைத்தூறலும் காற்றும் ஓயவில்லை. கம்பளிக்குள் இருந்தவனுக்கு அந்த ஒலி இனிமையாகவே இருந்தது. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். தம்பலகாமத்துப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருப்பவன். முற்றத்தில் நின்றான், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"சேர், விடியப் போய்ப் பார்த்தன். எல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டிப் படுத்துக் கிடந்துதுகள். நித்திரையெண்டு நினைச்சன்."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. அவனுடைய பட்டியிற் பதினொரு மாடுகள் அன்றைய இரவில் இறந்திருந்தன. அவற்றில் நான்கு கன்றுகள்.

அவன் ஒருவன் மட்டுமல்லன். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அந்த ஓரிரு நாட்களுக்குள் மாடும் எருமையும் ஆடுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. ஏதோ கொள்ளைநோய் என்று முதலில் ஊர் அஞ்சியது. பின்னர் உடல்களை அறுத்துப் பரிசோதித்த கால்நடை வைத்தியர்கள், நோய் அன்று, குளிரே காரணம் என்றனர்.

வாசகர்கள் சிலர் இங்கே ஐயுறக்கூடும். நீர் உறையவில்லை, புல்லில் உறைபனி படியவில்லை, சுழியத்துக்கு அருகிற்கூட வெப்பமானி இறங்கவில்லை. அப்படியிருக்க மாடு எப்படிக் குளிரால் இறக்கும்? நானும் அவ்வாறே கேட்டேன். விடை தேடியபோது அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

மாட்டின் உடல்வெப்பம் ஏறக்குறைய 38.5 பாகை. உரோமங்களுக்கு இடையே அடைபட்டு நிற்கும் காற்றே அதன் போர்வை. குளிர்நாட்டு மாடு, மாரிக்கால உரோமம் அடர்ந்து உலர்ந்திருந்தால், சுழியத்துக்குக் கீழும் வாடாமல் நிற்கும். அதே மாடு தோல்வரை நனைந்துவிட்டாலோ 15 பாகையிலேயே குளிரோடு போராடத் தொடங்கிவிடும். நீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது ஒரு காரணம். ஈரத்தை ஆவியாக்கும் காற்று, அதற்கு வேண்டிய வெப்பத்தை உடலிலிருந்தே பறித்துக்கொள்வது மற்றொரு காரணம். எமது நாட்டு மாட்டுக்கோ உரோமம் மெல்லியது. தோலின் கீழ்க் கொழுப்பும் இல்லை. வெயிலைத் தாங்குவதற்கென்று அமைந்த உடல் அது. இரவு முழுவதும் நனைந்து, காற்றில் நின்று, வயிறும் வெறுமையாக இருந்தால், உறைபனி வந்துதான் அதைக் கொல்ல வேண்டும் என்பதில்லை.

வயிறு ஏன் வெறுமையாக இருந்தது? இதற்கு விடை வானத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. மார்கழி பெரும்போகக் காலம். வயல்கள் பச்சையாக நிற்கும். மாடு வயலில் இறங்கக் கூடாது. ஆகவே பட்டிக்காரர் மாடுகளைக் காட்டோரத்துக்கும் குளக்கரைக்கும் வெட்டவெளிகளுக்கும் சாய்த்துச் செல்வர். கொட்டில் இல்லை, தாழ்நிலத்திற் சேறு, மேய்ச்சற் புல் நீரில் மூழ்கிக் கிடக்கும். மேய்ச்சற்றரை ஆண்டுதோறும் சுருங்கிவரும் நாட்டில், கால்நடை மிகவும் மெலிந்திருக்கும் மாதமும் வாடை மிகவும் கொடியதாக வீசும் மாதமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இவ்விடத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையை நான் பலமுறை கற்பித்திருக்கிறேன். 188 அடிகள் கொண்ட அப்பாட்டின் தொடக்கத்தை நினைவுகூருங்கள். பெருமழை பெய்கிறது. வெள்ளத்தை வெறுத்த ஆயர், தாம் பழகிய இடத்தை விட்டு நீங்கும் வருத்தத்தோடு, தம் ஆநிரையை வேறு நிலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். கொள்ளியைக் கையிற் பிடித்துக் குளிர்காய்ந்தும் அவர்களுடைய கன்னங்கள் நடுங்குகின்றன. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, மந்தி ஒடுங்குகிறது, பறவைகள் விழுகின்றன, கறவைப் பசுக்கள் கன்றைப் பால் உண்ண விடாமல் உதைக்கின்றன.

இதனை நான் எவ்வாறு கற்பித்தேன்? பாசறையில் இருக்கும் தலைவனுக்கும் அரண்மனையில் வாடும் தலைவிக்கும் முன்னே புலவர் நக்கீரர் விரித்த திரை என்று கற்பித்தேன். முன்னிற்கும் இயற்கை, பின்னிற்கும் துயரத்துக்கு அணி என்றேன். அது தவறன்று. ஆனால் அந்த வரிகள் ஒரு பட்டிக்காரனின் அறிவும் ஆகும் என்பதை நான் ஒரு நாளும் சொல்லவில்லை. மேயாத மாடு வெப்பத்தை இழக்கும். பால் கிடைக்காத கன்று முதலில் வீழும். நிரையை உரிய வேளையில் வேறு நிலத்துக்குக் கொண்டு போக வேண்டும். இன்று கால்நடை வைத்தியர் சொல்வனவற்றுள் பாதி அங்கே இருக்கிறது. அதே பாட்டை என்னிடம் படித்தவன்தான் முற்றத்தில் நின்றான். புயல் வருகிறது என்று அறிந்த அன்று, "தம்பி, மாடுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டாயா?" என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அறிந்தும் ஆயத்தமாகாத குறை ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தை உறைகுளிர் தாக்கியது. வெப்ப நாடு என்று எண்ணி வீடுகளையும் குழாய்களையும் அமைத்திருந்த மக்கள் அவர்கள். எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையக் கருவிகளும் உறைந்தன. நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரம் இழந்தன. குழாயினுள் உறைந்த நீர் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு விரிவதால் குழாய்கள் வெடித்தன. அம்மாநிலத்தின் கணக்கின்படியே 246 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது குளிரே. 2011இலும் அங்கே இத்தகைய குளிர் வந்தது. கருவிகளுக்குக் குளிர்காப்புச் செய்யுங்கள் என்று அப்போதே ஆராய்ந்தவர்கள் எழுதி வைத்தனர். அவ்வறிவுரையிற் பெரும்பகுதி பத்தாண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது.

மறுபுறம், எம் நாட்டிலேயே நுவரெலியாவைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் உயர்ந்த அந்த ஊரிற் தை, மாசி மாதங்களில் தெளிந்த வானமும் அசையாக் காற்றும் கூடிய இரவுகளில் உறைபனி படிவதுண்டு. தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகும். அங்குள்ள தோட்டக்காரர் வெயில் ஏறுமுன் எழுந்து, செடிகள்மீது நீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுகின்றனர். அவர்கள் நம்மிலும் கற்றவர்கள் என்பதனால் அன்று. குளிர் தம் வீட்டு விருந்தாளி என்று அறிந்திருப்பதனால்.

நம் வீட்டுக்கும் அவ்விருந்தாளி என்றோ ஒரு நாள் வருவான். அவனுக்கு முன் நாம் செய்யக்கூடியவை பெரும் பொருட்செலவு உடையன அல்ல. புயற் செய்தி இரண்டு நாளுக்கு முன்னரே வந்துவிடுகிறது. அப்போதே நிரையைத் தாழ்நிலத்திலிருந்து மேட்டுக்கு மாற்ற வேண்டும். கூரை போட முடியாவிட்டாலும், வடக்கிலும் வடகிழக்கிலும் கிடுகாலோ தறப்பாளாலோ ஒரு மறைப்புக் கட்டலாம். மழையோடு சேரும் காற்றைத் தடுத்தாலே பாதித் துன்பம் தீரும். ஆவணி, புரட்டாசியிற் சிறுபோகம் அறுத்த பின் வயலிலே எரித்துவிடும் வைக்கோலிற் சிறிதைப் போராக்கி, நனையாமல் மூடிவைக்க வேண்டும். அது மாட்டுக்கு இரண்டு வகையில் உதவும். படுக்கையாக இட்டால் ஈர நிலம் உடலைத் தீண்டாது. உணவாக இட்டாலோ, வயிற்றுள் அது நொதித்துச் செரிக்கும்போது உண்டாகும் வெப்பம் இரவு நெடுகிலும் உள்ளிருந்தே காய்ந்துகொண்டிருக்கும். ஆகவே குளிர் வரும் நாளின் மாலையில் வயிறு நிறைய வைக்கோல் போட வேண்டும். கன்றுகளையும் சினைப்பசுக்களையும் கிழடுகளையும் முதலில் உள்ளே எடுத்து, சாக்கினால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். விழுந்த மாட்டைப் பக்கவாட்டிற் கிடக்க விடாமல், நெஞ்சு நிலத்திற் படும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும்.

இவற்றை அறிந்த பின் நான் ஒரு காரியம் செய்தேன். நான் இன்னும் பாடம் சொல்லப் போகும் மாலை வகுப்பில், ஐப்பசி பிறந்தவுடன் நெடுநல்வாடையின் தொடக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். அணிநயம் பேசுமுன், "உங்களில் யார் வீட்டில் மாடு உண்டு?" என்று கேட்கிறேன். சில கைகள் எழும். அவர்களிடம் மேட்டு நிலம் எங்கே இருக்கிறது, வைக்கோல் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்துவிட்டே பாட்டுக்குள் செல்கிறேன். பேகனின் பாடம் வரும்போதும் பின்வாங்கிலிருந்து அந்தப் பழைய வினா எழத்தான் செய்கிறது. இப்போது நான் சிரிப்பதில்லை. "குளிரும்" என்று சொல்கிறேன்.

சென்ற புரட்டாசியில் தம்பலகாமத்துக்குப் போயிருந்தேன். என் மாணவன் மேட்டில், இரண்டு பாலை மரங்களுக்கு இடையே, கிடுகு மறைப்புக்குக் கப்பு நட்டிருந்தான். அதன் அருகே தறப்பாள் போர்த்திய ஒரு வைக்கோற் போர். அவ்வளவு பெரிதன்று, இருபது மாட்டுக்கு மூன்று இரவுக்குப் போதும் என்றான். புதிய கன்று ஒன்று போரின் ஓரத்தை இழுத்துத் தின்னத் தொடங்கியது. அவன் அதை அதட்டி விரட்டினான்.

"இது மார்கழிக்கு, சேர்" என்றான்.