செஞ்சியைப் பாடமாகக் கொள்ளும் ஒரு பட்டப்படிப்பு

பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி இளநிலைப் பட்டம், பிறருக்கு உதவும் மனத்தை முறையான அறிவாகவும் பயிற்சியாகவும் வளர்க்கும் மூன்றாண்டுப் படிப்பாகும். சமூகவியல், உளவியல், சமூகச் சட்டங்கள் ஆகியவற்றை வகுப்பில் கற்கும் மாணவர், அதே காலத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் மக்களிடையே பணியாற்றி, கண்டதையும் செய்ததையும் அறிக்கையாக எழுத வேண்டும். களப்பணி எனப்படும் இப்பயிற்சியே இப்படிப்பின் உயிர்நாடி. இந்தியாவில் 1936-இல் பம்பாயில் டாடா அறக்கட்டளை தொடங்கிய பள்ளியுடன் பிறந்த இக்கல்வி, தமிழகத்தில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவிய சென்னை சமூகப்பணிப் பள்ளியின் வழியே வேரூன்றியது. பெருநகரத்தில் தொடங்கிய இக்கல்விக்கு விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி போன்ற வட்டாரங்களே இன்று மிகுதியும் தேவைப்படும் களங்களாகும்.

மராட்டியரின் இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுதியின் 12 கோட்டைகளுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாகச் செஞ்சி 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அக்கோட்டையின் குன்றுகளான ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் காண வருவோரின் பார்வையில் படாதவை, சுற்றுப்புறக் கிராமங்களின் ஓரத்தில் வாழும் இருளர் குடியிருப்புகள். தமிழகத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட ஆறு பிரிவினருள் இருளரும் அடங்குவர். வட மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணம் பெற்று, அது தீராமல் கொத்தடிமைகளாகச் சிக்கியோரில் இவர்கள் கணிசமானோர்.

இக்குடியிருப்புகளில்தான் பாடநூல் கூறும் சமூகப்பணி முறைகள் தெளிவான உருவம் பெறுகின்றன. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், கோட்டாட்சியர். பள்ளி செல்லாத பெற்றோரிடம் காட்டுவதற்கு ஆவணம் இல்லாததால் பிள்ளையின் மேற்படிப்பும் உதவித்தொகையும் தடைப்படுகின்றன. அக்குடும்பத்தின் வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டறிந்து, கிடைக்கும் சான்றுகளைத் திரட்டி, விசாரணைக்கு அவர்களுடன் சென்று, ஆனால் முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமே விட்டுவிடுவது தனிநபர்ப்பணி. அதே குடியிருப்பு மனைப்பட்டாவுக்காக ஒன்றுகூடி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் தானே மனு கொடுக்கும் அளவுக்கு வலுப்பெறத் துணைநிற்பது சமுதாய ஒருங்கிணைப்பு. அநீதியின் வேரையே எதிர்த்துப் போராடும் சமூகச் செயல்பாட்டுக்கு, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திவந்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைவிடச் சிறந்த பாடம் மாணவருக்குக் கிடைப்பது அரிது.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், மாவட்ட அளவிலும் உட்கோட்ட அளவிலும் அமையும் கண்காணிப்புக் குழுக்களில் அப்பகுதியிலேயே வசிக்கும் சமூகப்பணியாளர் இருவரை நியமிக்கச் சொல்கிறது. அவர்களுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. வழக்கறிஞர்களுக்கு இருப்பதுபோல் தொழில் தகுதியைப் பதிவுசெய்யும் பொதுவான தேசியப் பேரவையும் சமூகப்பணிக்கு இல்லை. எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவரும் சமூகப்பணி முதுநிலையில் சேரலாம் என்பதால், மூன்றாண்டுகள் இதையே பயின்றவரின் பட்டம் உரிய மதிப்பைப் பெறாமல் போகிறது. இது வருந்தத்தக்கது, ஏனெனில் ஊரின் பேச்சையும் சாதி உறவுகளையும் அறுவடைக் காலங்களையும் அறிந்த உள்ளூர்ப் பட்டதாரி, அந்தக் குழுவின் இருக்கைக்கு எவரினும் பொருத்தமானவர்.

இத்தகைய உள்ளூர்ப் பட்டதாரிகளை உருவாக்க விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பருவந்தோறும் மாணவரை வேறு வேறு நிறுவனங்களுக்கு மாற்றும் வழக்கத்தைத் தளர்த்தி, குறைந்தது ஓராண்டு அவரை ஒரே குடியிருப்பில் பணியாற்ற விடலாம். சாதிச் சான்றிதழ் மனு ஒன்று விசாரணைகளைக் கடந்து முடிவுக்கு வர ஒரு பருவத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், மனுவை எழுத உதவிய மாணவரே அதன் ஆணை கைக்கு வரும்வரை அக்குடும்பத்துடன் இருக்க அப்போதுதான் இயலும்.