கஞ்சாவும் மார்பினும்: போதைப்பொருள் எப்போது மருந்தாகிறது?

புற்றுநோய்ப் பிரிவிலும் தீக்காயப் பிரிவிலும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். "வெளிநாடுகளில் கஞ்சாவை அனுமதித்துவிட்டார்களாமே, கஞ்சா எண்ணெய் கொடுத்தால் புற்றுநோய் குணமாகுமா?" என்பது ஒன்று. "மார்பின் போதைப்பொருள்தானே, அதைக் கொடுத்தால் இவர் அடிமையாகிவிட மாட்டாரா?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் மிகையான நம்பிக்கை இருக்கிறது. இரண்டாவதில் மிகையான அச்சம் இருக்கிறது. இரண்டுமே நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடியவை. ஆகவே இவ்விரண்டையும் சேர்த்தே விளக்குவது நல்லது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசுக்குள் செலுத்தும் இரசாயனக் கலவையையும் 'மருந்து' என்றே சொல்கிறோம். ஓர் அறையில் அக்கலவை எவ்வளவு இருக்கலாம், எத்தனை பேர் இருக்கலாம், யார் அதைக் கையாளலாம் என்பதற்கெல்லாம் விதிகள் உள்ளன. அவற்றை மீறினால் என்ன நேரும் என்பதை நம் பகுதி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உடலுக்குள் செல்லும் மருந்துக்கும் இதுவே நியதி. அளவு, தூய்மை, தேவை, கையாள்பவரின் பயிற்சி ஆகிய நான்குமே ஒரு பொருளை மருந்தாக்குகின்றன.

சட்டமும் விவாதமும்

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சாச் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதியையும் அதன் பிசினையும் தடை செய்கிறது. இலையும் விதையும் மட்டும் தனித்திருந்தால் அவை இந்த வரையறைக்குள் வாரா. வட மாநிலங்கள் சிலவற்றில் இலையிலிருந்து செய்யப்படும் பாங்கு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுவதற்கு இதுவே காரணம். ஒரு கிலோவுக்குக் குறைவான கஞ்சாவை வைத்திருப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 20 கிலோவுக்கு மேல் என்றால் தண்டனை 10 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். அதே சட்டம் மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு வழி விட்டிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

உருகுவே 2013இலும், கனடா 2018இலும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கின. தாய்லாந்து 2022இல் தடையை நீக்கியது. பின்னர் 2025இல் மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்று கட்டுப்படுத்தியது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் முதற்பட்டியலின் கட்டுப்பாடு இன்றும் நீடிக்கிறது.

அனுமதிக்க வேண்டும் என்போர், சிறிய அளவு வைத்திருந்த இளைஞரைச் சிறைக்கு அனுப்புவதால் அவர் வாழ்வு கெடுகிறது என்றும், மதுவும் புகையிலையும் கடையில் கிடைக்கும்போது இதற்கு மட்டும் தடை ஏன் என்றும் கேட்கின்றனர். எதிர்ப்போர், வளரும் பருவத்து மூளைக்கு நேரும் பாதிப்பையும், மனச்சிதைவு அபாயத்தையும், சாலை விபத்துகளையும் சுட்டிக்காட்டுகின்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் அனுமதிப்பதனால் ஒரு பொருள் மருந்தாகிவிடாது; தடுப்பதனால் அதன் மருத்துவப் பயன் இல்லாமற் போய்விடாது. நோயாளியின் படுக்கையருகே எழும் கேள்வி வேறு.

கஞ்சா குறித்து மருத்துவம் அறிந்தவை

கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னபிடையால் என்ற பொருள், குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களில் பயன் தருகிறது. அம்மருந்துக்கு அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் கிடைத்தது. புற்றுநோய்க்கான வேதிச் சிகிச்சையால் வரும் கடும் வாந்திக்கும், சில நரம்பு நோய்களின் தசை இறுக்கத்துக்கும் இவ்வகை மருந்துகள் சில நாடுகளில் தரப்படுகின்றன. இவை அளவு வரையறுத்துத் தயாரிக்கப்பட்டவை.

கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதரிடம் நடத்திய ஆய்வுகளில் சான்று இல்லை. சோதனைக் குழாயில் உயிரணுக்கள் அழிவது நோயாளி குணமடைவதாகாது. வெளியில் வாங்கும் எண்ணெயில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை யாராலும் சொல்ல இயலாது. அது கல்லீரலைப் பாதிக்கலாம். வலிப்பு மருந்துகளோடும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடும் முரண்படலாம். இதை நம்பி உரிய சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே எல்லாவற்றினும் பெரிய இழப்பு.

சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டே என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால் அரசு விதிகள் அதை நச்சுப் பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளன. அது சேர்ந்த மருந்துகளை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

கஞ்சா கவனத்தையும், எதிர்வினை வேகத்தையும் குறைக்கிறது. உராய்வே தீப்பொறியாகும் பட்டாசு அறையில், ஒருவரின் கணநேரத் தடுமாற்றம் உடன் இருப்பவர் அனைவரையும் பாதிக்கும்.

மார்பின்: அச்சமும் உண்மையும்

மார்பின் அபினிலிருந்து கிடைக்கிறது. கடுமையான புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986 முதலே பரிந்துரைத்துவரும் மருந்து அது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பல்வேறு உரிம நடைமுறைகளுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் அதை வைத்திருப்பதையே தவிர்த்தன. நோயாளிகள் வலியோடு இருந்தனர். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாத போதை மருந்துகளாகத் தனி வகைப்படுத்தப்பட்டன; அங்கீகாரம் பெறும் முறையும் எளிதாக்கப்பட்டது.

தீக்காய நோயாளிக்குக் கட்டு மாற்றும் வேளையே கொடியது. வலி அடங்காவிட்டால் அவர் கை கால்களை அசைக்க மாட்டார். மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பிறகு பட்டாசுக் கட்டைக்கூட அந்த விரல்களால் பிடிக்க இயலாது. வலி நிவாரணம் இரக்கச் செயல் மட்டுமன்று, சிகிச்சையின் ஒரு பகுதியும் ஆகும்.

மார்பினைச் சில வாரங்கள் எடுத்துக்கொண்ட உடல் அதற்குப் பழகிவிடும். ஆகவே திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கிறோம். இது அடிமைத்தனம் அன்று. தீங்கு தெரிந்தும் மருந்தை நாடி அலைவதே அடிமைத்தனம். கடும் வலிக்கு, மருத்துவர் கண்காணிப்பில் தரும்போது அவ்வாறு நேர்வது அரிது. ஆனால் நேரவே நேராது என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் நாட்பட்ட வலிகளுக்கு இவ்வகை மருந்துகளைத் தாராளமாக எழுதியதால் பெருந்தீங்கு விளைந்தது. அதனாலேயே ஒவ்வொரு முறையும் அளவை மீண்டும் பார்க்கிறோம். சரியான அளவில் தரப்படும் மார்பின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை.

குடும்பத்தார் கவனத்துக்கு

மார்பின் மாத்திரையைக் குறித்த நேரத்தில் கொடுங்கள். வலி முற்றும்வரை காத்திராதீர்கள். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். அதற்கான மருந்தையும் தவறாமல் கொடுங்கள். மதுவோ, நாங்கள் எழுதித் தராத தூக்க மாத்திரையோ கூடாது. நோயாளியை எழுப்ப இயலாவிட்டாலோ, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள்; மீந்தவற்றை மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள்.

நோயாளிக்குக் கஞ்சாப் பழக்கம் இருந்தாலோ, கஞ்சா எண்ணெய் கொடுத்திருந்தாலோ மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். மயக்க மருந்தின் அளவை முடிவுசெய்ய அது அவசியம். உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக நாங்கள் கேட்பதில்லை. பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் 14446 என்ற இலவசத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். அனுமதிப்பதா, தடுப்பதா என்னும் விவாதத்தைச் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் தீர்க்கட்டும். உங்கள் வீட்டு நோயாளியின் வலியை இன்றே எங்களிடம் சொல்லுங்கள்.