வாசலில் தொங்கும் நல்ல பெயர்!
ஜப்பான் நாட்டின் சின்னஞ்சிறு சாப்பாட்டுக் கடைகள்

காலை 11 மணி. டோக்கியோ நகரில் ஒரு குறுகிய சந்து. அங்கே ஒரு கடையின் கதவு திறக்கிறது. வயதான ஒருவர் வெளியே வருகிறார். அவர் கையில் ஒரு கம்பு. கம்பில் கோத்த நீலத் துணி. அதை வாசலுக்கு மேலே மாட்டுகிறார். ஒரு முறை இழுத்துச் சரி செய்கிறார். உள்ளே போய்விடுகிறார்.

அவ்வளவுதான்! கடை திறந்துவிட்டது. மணி அடிக்கவில்லை. யாரையும் கூவி அழைக்கவில்லை. அந்தத் துணியைப் பார்த்ததும் ஆட்கள் வரத் தொடங்குகிறார்கள்.

ஜப்பான் நாட்டில் தினந்தோறும் காணக்கூடிய காட்சி இது. அந்தத் துணியின் பெயர் "நோரென்". அது வெளியே தொங்கினால் கடை உண்டு. உள்ளே போய்விட்டால் கடை இல்லை.

அழுக்குத் துணியே அத்தாட்சி!

டோக்கியோ நகருக்கு முன்பு "எடோ" என்று பெயர். அந்தக் காலத்தில் தெருவோரத்தில் சுஷி விற்கும் தள்ளுகடைகள் நிறைய இருந்தன. காடி கலந்த சோற்றைக் கையால் பிடித்து, அதன்மேல் ஒரு துண்டு மீனை வைத்துக் கொடுப்பார்கள். நின்றபடியே தின்றுவிட்டுப் போகலாம். இப்படிச் சட்டென்று பிடித்துக் கொடுக்கும் முறைக்கு 1820-களில் பெயர் பெற்றவர் ஹனயா யோஹெய் என்ற வியாபாரி.

தின்று முடித்தவர்கள், போகிற போக்கில் வாசல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போவார்களாம். அதனால், எந்தக் கடையின் துணி அதிக அழுக்காக இருக்கிறதோ, அந்தக் கடையில்தான் நல்ல சரக்கு கிடைக்கும் என்று ஜனங்கள் தெரிந்துகொள்வார்களாம்!

இன்று யாரும் அதில் கை துடைப்பதில்லை. ஆனாலும் துணிக்கு இருந்த மதிப்புக் குறையவில்லை. ஒரு கம்பெனியை விலைக்கு வாங்கும்போது, கட்டடத்துக்கும் சாமான்களுக்கும் மட்டும் பணம் கொடுப்பதில்லை. அதன் நல்ல பெயருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் அல்லவா? அந்த நல்ல பெயருக்கு ஜப்பானியக் கணக்குப் புத்தகத்தில் எழுதும் சொல் என்ன தெரியுமா? அதுவும் "நோரென்"தான்!

உள்ளே என்ன இருக்கிறது?

துணியைக் கையால் விலக்கி, தலையைச் சற்றுக் குனிந்து உள்ளே போக வேண்டும். உடனே, "இரஷ்ஷய்மாசே!" என்று குரல் வரும். "வாருங்கள்" என்று பொருள்.

கடை மிகச் சிறியது. நீண்ட மரப்பலகை ஒன்று. அதன் முன்னால் எட்டு அல்லது பத்து நாற்காலிகள். பலகைக்கு அந்தப் பக்கம் அடுப்பு. சமைப்பவர் ஒருவர். பல கடைகளில் கணவர் சமைப்பார், மனைவி பரிமாறுவார். சமையல் எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. ஒளிவு மறைவு இல்லை.

உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத் துண்டு வரும். குளிர் காலத்தில் அது சூடாக இருக்கும். குடிக்கத் தண்ணீரோ தேநீரோ வரும். அதற்குக் காசு இல்லை.

ஜப்பானிய எழுத்துத் தெரியாதவர் என்ன செய்வது? கவலை வேண்டாம். பல கடைகளின் வாசலில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் ஒவ்வொரு சாப்பாடும் பொம்மையாக வைக்கப்பட்டிருக்கும். அசல் சாப்பாடு போலவே இருக்கும்! விரலால் காட்டினால் போதும். இந்தப் பொம்மைகளைச் செய்வதை ஒரு தொழிலாகவே 1932-ஆம் ஆண்டில் ஒசாக்கா நகரில் தொடங்கியவர் இவசாக்கி தக்கிசோ. அப்போது மெழுகில் செய்தார்கள். இப்போது பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள்.

தட்டில் என்ன வரும்?

ஒரு கிண்ணம் சோறு. ஒரு துண்டு சுட்ட மீன். கொஞ்சம் ஊறுகாய். "மிசோ" என்ற விழுதைக் கரைத்த சூடான சூப். சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் விழுது அது. இவ்வளவும் ஒரே தட்டில் வரும். இதுதான் சாதாரணச் சாப்பாடு.

"ஓயாகோதோன்" என்று ஒன்று உண்டு. சோற்றின்மேல் கோழிக்கறியும் முட்டையும் சேர்த்துக் கொட்டித் தருவார்கள். "ஓயாகோ" என்றால் பெற்றவரும் பிள்ளையும். கோழி பெற்றது, முட்டை பிள்ளை. அதனால் இந்தப் பெயர்!

இந்தச் சமையலின் உயிர், சூப்புக்கு அடியில் இருக்கும் சாறு. கடற்பாசியை நீரில் போட்டுச் சூடாக்குவார்கள். மாசிக் கருவாடு போலக் கல்லாக உலர்த்திய சூரை மீனைச் சீவி, அதில் போட்டு வடிகட்டுவார்கள். அந்தக் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்துதான், 1908-ஆம் ஆண்டில் கிகுனே இக்கேதா என்ற பேராசிரியர், இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்புக்கு அப்பால் இன்னொரு சுவை உண்டு என்று கண்டுபிடித்தார். அதற்கு "உமாமி" என்று பெயரிட்டார்.

சாப்பிடக் குச்சிகள் தருவார்கள். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சோற்றில் குச்சியை நட்டு வைக்கக்கூடாது. இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை அது. ஆனால் நூடுல்ஸை "சுர்" என்று சத்தம் போட்டு உறிஞ்சலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஓடியவருக்கு நன்றி

சாப்பிடும் முன் "இத்தடாக்கிமாஸ்" என்பார்கள். "பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்" என்று பொருள். எழுந்து போகும்போது "கொச்சிசோசமா" என்பார்கள். இந்தச் சொல்லுக்குள் "ஓடுதல்" என்ற பொருள் இருக்கிறது. ஒரு வேளைச் சோறு போட எங்கெங்கோ ஓடி அலைந்திருப்பார்களே, அந்த அலைச்சலுக்கு நன்றி!

அந்த நன்றியே போதும். சாப்பாட்டுக்கு உரிய காசைக் கொடுத்தால் சரி. இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை. மேசைமேல் சில்லறையை விட்டுவிட்டுப் போனால், மறந்துவிட்டார் என்று எண்ணிப் பின்னாலேயே ஓடி வந்து கொடுத்துவிடுவார்கள்.

கூட்டம் உண்டு, வாரிசு இல்லை

இத்தனை பெருமை இருந்தும், இந்தக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுகின்றன. ஏன்?

விலைவாசி ஒரு காரணம். ஏறக்குறைய 2 ஆயிரம் யென்னுக்கு விற்ற 5 கிலோ அரிசி, 2025-ஆம் ஆண்டில் 4 ஆயிரம் யென்னைத் தாண்டியது. அரசாங்கமே கையிருப்பு அரிசியை வெளியே எடுத்து விற்க நேர்ந்தது. இரண்டாவது கிண்ணம் சோற்றை இலவசமாகப் போட்டுப் பழகிய கடைக்காரர் என்ன செய்வார்? விலையை உயர்த்தலாம். ஆனால் பழைய வாடிக்கைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கூடுதல் காசு கேட்க மனம் வருமா? ராமென் நூடுல்ஸ் கடைக்காரர்கள் "ஆயிரம் யென் சுவர்" என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு கிண்ணத்தின் விலை ஆயிரத்தைத் தாண்டினால் ஆட்கள் வரமாட்டார்களோ என்ற பயம்தான் அந்தச் சுவர்.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஜப்பானில் 100 பேரில் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். கடைக்காரருக்கும் வயதாகிவிட்டது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். விடியற்காலையில் எழுந்து சாறு காய்ச்ச அவர்கள் வருவதில்லை.

இது சாப்பாட்டுக் கடைகளின் கவலை மட்டும் அல்ல. 2025-ஆம் ஆண்டுக்குள் 70 வயதைத் தாண்டும் சிறிய, நடுத்தர முதலாளிகள் சுமார் 24½ லட்சம் பேர் இருப்பார்கள் என்றும், அவர்களில் பாதிப்பேருக்கு வாரிசு முடிவாகவில்லை என்றும் ஜப்பான் அரசாங்கம் முன்பே எச்சரித்திருந்தது.

கூட்டம் வராமல் மூடிய கடையும் உண்டு. கூட்டம் வந்துகொண்டிருக்கும்போதே மூடிய கடையும் உண்டு! ஒருநாள் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். "இத்தனை ஆண்டுகள் ஆதரவு தந்தீர்கள். நன்றி" என்று கையால் எழுதியிருக்கும். துணி இருக்காது.

துணியைப் பங்கு வைப்பது

இதற்கு வழி இல்லையா? உண்டு. பழைய வழி ஒன்று, புதிய வழி ஒன்று.

பழைய வழிக்கு "நோரென்வாக்கே" என்று பெயர். துணியைப் பங்கு வைப்பது என்று பொருள். பல வருடங்கள் உண்மையாக உழைத்த சீடனுக்கு, அதே பெயரில் தனிக்கடை வைக்க முதலாளி அனுமதி கொடுப்பார். சொந்தப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது இல்லை. தொழில் கற்றவனாக இருந்தால் போதும்.

புதிய வழியை அரசாங்கம் காட்டியிருக்கிறது. ஜப்பானின் 47 மாநிலங்களிலும் இதற்கென உதவி நிலையங்கள் இருக்கின்றன. வாரிசு இல்லாத கடைக்காரர் அங்கே போகலாம். தொழில் தேடும் இளைஞரும் போகலாம். இருவரையும் சேர்த்து வைப்பதே அந்த நிலையத்தின் வேலை. பெண் பார்த்து முடிப்பது போலத்தான்!

பெயர் பொருந்தும். கணக்கும் பொருந்தும். ஆனால் சாறு காய்ச்சும் பக்குவத்தைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க முடியுமா? பெரியவரின் பக்கத்தில் நின்று, அவருடைய கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். பெரியவருக்கோ காலம் குறைவு.

இரவாகிறது. கடைசி ஆளும் "கொச்சிசோசமா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பெரியவர் வெளியே வந்து, கம்போடு துணியைக் கழற்றுகிறார். உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் சாத்தி வைக்கிறார்.

நாளைக் காலை 11 மணிக்கு அதை எடுத்து மாட்ட ஒரு கை வேண்டும்.