பள்ளிக்கூடமும் பிள்ளைகளும் – 11: பகலில் நடக்கும் ரகசியம்

சென்ற வாரம் கல்லூரி விடுதிகளில் நடந்த ராகிங் கொடுமைகளைப் பற்றியும், அவற்றைத் தடுப்பதற்கென்று தமிழ்நாட்டு சர்க்கார் 1997ல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்த சந்தர்ப்பத்தைப் பற்றியும் சொல்லியிருந்தேன். ராகிங் என்பது பெரும்பாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடுகிற உபாதை. மூத்த மாணவன் முன்னால் தலைகுனிந்து நின்றவன் மறு வருஷம் தானே மூத்தவனாகிவிடுகிறான். அதைவிட ஆழமாக வேரோடி, படிப்பு முடிந்து வெளியேறின பிறகும் ஆளை விடாமல் தொடர்கிற வேறொன்று இருக்கிறது. பெரியவர்களுக்குத் தெரியாது என்ற பாவனையில், மாணவர்கள் தமக்குள்ளே கட்டிக்கொள்ளுகிற கூட்டங்களைச் சொல்லுகிறேன்.

சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்துகொண்டு இதை எழுதுகிறபோது, இவ்வூருக்குப் பெயர் கொடுத்த பெருமாளின் ஞாபகம் வராமல் இருக்காது. பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த குகையில் வீற்றிருக்கும் பாடலாத்ரி நரசிம்மருக்கு நெற்றியிலே மூன்றாவது கண் உண்டு. ஆரத்தியின்போது அர்ச்சகர் திருநாமத்தைச் சற்று விலக்கி அக்கண்ணைச் சேவிக்கச் செய்வது இத்தலத்து வழக்கம். அந்த நரசிம்மர் தூணைப் பிளந்துகொண்டு வந்தது யாருக்காக? பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவனுக்காக அல்லவா? குருமார்கள் வீட்டுக் காரியமாக அப்பால் போயிருந்த வேளையில், விளையாடக் கூப்பிட்ட சக மாணாக்கர்களைப் பிரகலாதன் ஒன்று சேர்த்து உட்காரவைத்து, அரசன் விலக்கியிருந்த உபதேசத்தைச் செய்தான் என்று பாகவதம் விவரிக்கிறது. ஆகவே உபாத்தியாயர் காதுக்கு எட்டாமல் பிள்ளைகள் கூடுவது ஆதிகாலத்திலிருந்தே உள்ளதுதான். கூடுவதே குற்றம் என்று வாதிக்க நான் வரவில்லை.

நம்முடைய பக்கத்தில் இத்தகைய கூட்டத்துக்கு வழங்கும் பெயர் ‘ரூட்டு’. செங்கற்பட்டு, திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பையன்கள், இலவச பஸ் பாஸையோ ரயில் சீசன் டிக்கட்டையோ பையில் வைத்துக்கொண்டு, 1840ல் தோன்றிய மாநிலக் கல்லூரிக்கும் 1842ல் தோன்றிய பச்சையப்பன் கல்லூரிக்கும் போய் வருகிறார்கள். பிரயாணம் நீண்டது, பட்டணம் பெரிது, வகுப்பில் பேராசிரியர் பேசுகிற பாஷை பாதி விளங்குவதில்லை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்படிப்பட்டவனை முதல் நாளே ‘தம்பி, எந்த ஊருடா?’ என்று விசாரித்து, பக்கத்தில் நிற்க இடம் கொடுத்து, கானாப் பாட்டுக்குப் பெட்டியின் தகரத்தில் தாளம் போடச் சொல்லிக் கொடுக்கிறவன் யாரென்றால், அதே வழித்தடத்தில் வருகிற மூத்த மாணவன். அந்த மூத்தவர்களில் ஒருவன் ‘ரூட்டு தல’. தேர்தல் கிடையாது, பதிவேடு கிடையாது, ஆயினும் எந்த வழித்தடத்துக்கு யார் தல என்பது பஸ் கண்டக்டருக்குத் தெரியும், கல்லூரிக் காவலாளிக்குத் தெரியும், போலீஸ் ஸ்டேஷனுக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒரு நாள் பஸ்ஸுக்கு மாலை சாத்திக் கொண்டாடுகிற ‘பஸ் டே’ ஒரு காலத்தில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நன்றி சொல்லுகிற வைபவமாக இருந்தது என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். பிற்காலத்தில் அது பஸ்ஸின் கூரைமேல் ஏறி ஆடுகிற ஆர்ப்பாட்டமாகி, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்கும்படி ஆயிற்று.

ஸ்நேகமாகத் தொடங்கினது பகையில் வந்து நிற்பதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை. ‘நம்ம ரூட்டு’ என்று ஒன்று உண்டானால் ‘அவனுங்க ரூட்டு’ என்று இன்னொன்று உண்டாகத்தானே வேண்டும்? 2019 ஜூலை 23ந் தேதி, பெரம்பூரிலிருந்து திருவான்மியூருக்குப் போகும் 29இ பஸ்ஸை அரும்பாக்கத்தில் மறித்து, பட்டப்பகலில், பிரயாணிகள் அலறி ஓட, மாணவர்களை மாணவர்களே பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். இரு கட்சியாரும் ஒரே கல்லூரிப் பிள்ளைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்பின் போலீசார் ரூட்டு தலைகளைப் பட்டியல் எடுத்துக் கூப்பிட்டு நன்னடத்தைப் பிரமாணம் எழுதி வாங்கினார்கள். எழுதி வாங்கின காகிதம் எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதற்கு 2024 அக்டோபரே சாட்சி. திருத்தணிப் பக்கத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்கு வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், சென்ட்ரல் ஸ்டேஷன் அருகில் வேறு கல்லூரி மாணவர்களால் அடிபட்டுச் சில நாட்களில் ஆஸ்பத்திரியில் உயிர்விட்டான்.

இந்த வியாதியின் முழு வளர்ச்சியைப் பார்க்க விரும்புகிறவர் நைஜீரியா தேசத்தைப் பார்க்க வேண்டும். 1952ல் இபாதான் பல்கலைக் கல்லூரியில் ஏழு மாணவர்கள் ‘கடற்கொள்ளையர்’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிற்பாடு 1986ல் நோபல் பரிசு பெற்ற வோலே சோயிங்கா அவர்களில் ஒருவர். வெள்ளைக்காரத் துரைகளைப் போல் நடந்துகொள்ளுகிற பணக்கார மாணவர்களின் டம்பத்தையும், குலப் பற்றையும் பரிகசிப்பது அவர்கள் நோக்கம். உத்தமமான நோக்கமென்றே சொல்ல வேண்டும். இருபது வருஷத்தில் சங்கம் பிளந்தது. பிளவுகளுக்குப் பிளவு பிறந்தது. நள்ளிரவுப் பிரதிக்ஞையும், சேருகிறவனை அடித்துச் சோதிப்பதும், பழிக்குப் பழியும் வந்து புகுந்தன. நிலைமை கண்டு, ஆதி சங்கத்தார் 1984ல் கல்லூரிகளைவிட்டே விலகிக்கொண்டார்கள், வியாதி விலகவில்லை. 1999 ஜூலையில் இஃபே நகரத்துப் பல்கலைக்கழக விடுதிக்குள் ‘கறுப்புக் கோடரி’ என்ற கூட்டத்தார் புகுந்து, மாணவர் சங்கத்துச் செயலாளர் உட்பட ஐந்து மாணவர்களைக் கொன்றார்கள். இப்பொழுது அந்தக் கூட்டங்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குள்ளும் இறங்கிவிட்டன.

நம்முடைய தென் ஜில்லாக்களில் இது பள்ளிக்கூடத்திலேயே பிறக்கிறது. பிரதிக்ஞையும் இருட்டும் அங்கே தேவைப்படவில்லை. மணிக்கட்டில் ஒரு வர்ணக் கயிறு போதும். சிவப்பா, மஞ்சளா, பச்சையா, காவியா என்று பார்த்தால் பையன் எந்த ஜாதி, யாரோடு சாப்பிடுவான், விளையாட்டில் யார் பக்கம் நிற்பான் என்பதெல்லாம் தெரிந்துபோகும். அந்த வர்ணத்தைப் பையன் கண்டுபிடிக்கவில்லை. அவனுடைய தெருமுனையில் பறக்கிற கொடியிலிருந்து எடுத்துக்கொண்டான். பயிற்சியில் இருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இதைக் கண்டு எழுதினதன்பேரில், பள்ளிக் கல்வி இயக்குநர் 2019ல் இவ்வழக்கத்தைத் தடுக்கும்படி சுற்றறிக்கை விட்டார். உடனே, இது சமய ஆசாரத்தில் தலையிடுவதாகும் என்று ஒரு சாரார் கூச்சலிட்டார்கள். கல்வி மந்திரியோ, இப்படியொரு சுற்றறிக்கை போனது தமக்கே தெரியாது என்றும், பழைய நிலையே தொடரும் என்றும் சொல்லிவிட்டார். பழைய நிலை தொடரத்தான் செய்தது.

2023 ஆகஸ்டு 9ந் தேதி இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தலித் மாணவன் ஒருவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அவர்களுடைய தொந்தரவு தாங்காமல் அவன் பள்ளிக்கு வராமல் நின்றதும், காரணம் கேட்ட ஆசிரியரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்ததும்தான் அவன் செய்த அபராதம். தேறி எழுந்த அந்தப் பையன், பிறர் கையால் பரீட்சை எழுதி 600க்கு 469 மார்க் வாங்கினான்.

இந்தக் கூட்டங்களை ‘ரகசியக் கூட்டம்’ என்று சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. கயிறு வெயிலில் மின்னுகிறது. பாட்டு நாலு பெட்டிக்குக் கேட்கிறது. இதிலே ரகசியம் ஏதாவது உண்டென்றால், அது பார்த்தும் பாராதவர்களாக இருந்துவிட்ட பெரியவர்களிடத்தில்தான் இருக்கிறது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் தகப்பனார் ஆட்களோடு வந்து நிற்பார் என்று தலைமை ஆசிரியர் பயப்படுகிறார். அவர் பயம் வீணானதும் அல்ல. சில இடங்களில் ஆசிரியரே அந்த வர்ணத்தைச் சேர்ந்தவராக இருந்து உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு சர்க்கார் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் கூடாது; சைக்கிளுக்கு ஜாதி வர்ணம் பூசக் கூடாது; அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும்; ஒரு பிரதேசத்தில் மிகுந்திருக்கிற ஜாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராகப் போடலாகாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. பத்திரிகைகள் நெற்றிக் குறியை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டன. சென்னை மாநகராட்சி மன்றத்தில் அறிக்கையின் பிரதியைக் கிழித்தே போட்டார்கள். அந்த இரைச்சலில், என் அபிப்பிராயத்தில் மிகவும் விவேகமான சிபார்சை யாரும் கவனிக்கவில்லை. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் கொண்ட, சீருடையும் பயிற்சியும் உள்ள ‘சமூக நீதி மாணவர் படை’ ஒன்று அமைக்க வேண்டும் என்பது அது. பையனுக்கு ஒரு கூட்டம் வேண்டும், ஒரு அடையாளம் வேண்டும், அண்ணன் என்று சொல்லிக்கொள்ள ஒருவன் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு எழுதின சிபார்சு. விலக்குவதோடு நிற்காமல், விலக்கியதற்குப் பதிலாக ஒன்றைக் கொடுக்கிறது. ஆனால் அந்தப் படைக்கும் ஒரு தல தோன்றிவிடாமல் யார் பார்த்துக்கொள்வது என்ற சந்தேகம் எனக்கு இல்லாமல் இல்லை.

2023லேயே சந்துரு அவர்களிடம் சர்க்கார் இன்னொரு விசாரணையையும் ஒப்படைத்திருந்தது. அது எங்கள் ஊரிலிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தமான செங்கற்பட்டில் நடந்த ஒரு சாவையொட்டி வந்தது. குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை வைத்திருக்கிற அங்குள்ள இல்லத்தில், ரயில்வே பேட்டரி திருடினதாகத் தாம்பரத்தில் பிடிபட்ட பதினேழு வயதுப் பையன் ஒருவன் 2022 டிசம்பர் கடைசி நாளன்று அடிபட்டு இறந்தான். இல்லத்து ஊழியர் ஆறு பேர் கைதானார்கள். கயிறு கட்டினவனும், கத்தி எடுத்தவனும், வயது பதினெட்டு ஆகாதவரையில், கடைசியில் வந்து சேருகிற இடம் இத்தகைய இல்லந்தான். ஆங்கிலேயர் காலத்தில் செங்கற்பட்டுக் கோட்டைக்குள்ளே சீர்திருத்தப் பள்ளி வைத்து, தப்பு செய்த பையன்களுக்குத் தொழில் கற்பித்தார்கள். அன்று அங்கே என்ன கற்றுக்கொடுத்தார்கள், இன்று இல்லத்துக்குள் போகிற பையன் என்ன கற்றுக்கொண்டு வருகிறான் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.