முட்டையை எழுப்புவது யார்?

கால்சியம் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? பால், பல், மூட்டு வலி, டாக்டர் எழுதித் தரும் சாக்பீஸ் சைஸ் மாத்திரை... அவ்வளவுதானே? இன்னொன்றும் உண்டு. நீங்கள், நான், எதிர்வீட்டு மாமா... எல்லாருமே ஒரு கால்சியம் அலையில் ஆரம்பித்தவர்கள்தான்!

பெண்ணின் கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். செல் பிரியும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். விந்தணு வந்து கலந்ததும், முட்டைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த கால்சியம் குபுக்கென்று வெளிவந்து அலையாகப் பரவும். உடனே முட்டையின் ஓரத்தில் உள்ள சின்னச் சின்னப் பைகள் உடைந்து, அடுத்த விந்தணுவுக்கு 'ஹவுஸ்ஃபுல்' போர்டு மாட்டிவிடும். அலை அடங்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று கிளம்பும். இப்படியே சில மணி நேரம்! ஒரு தடவை அடித்து ஓயும் அலாரம் இல்லை இது. 'எழுந்தாச்சா... எழுந்தாச்சா?' என்று திரும்பத் திரும்ப வந்து கேட்கும் அம்மா!

ஜெல்லி மீன் காட்டிய வெளிச்சம்

இந்த அலையைக் கண்ணால் பார்க்க முடியுமா? 1977-ல் அமெரிக்காவில் ரிட்ஜ்வே, கில்கி, ஜாஃபி என்ற மூவர் அதற்கு வழி செய்தார்கள். ஜெல்லி மீனில் 'ஏக்வோரின்' என்றொரு புரதம் உண்டு. கால்சியம் பட்டால் ஒளிரும். அதை 'மெடாக்கா' என்ற குட்டி ஜப்பானிய மீனின் முட்டைக்குள் செலுத்தினார்கள். கருவுற்ற முட்டை பளிச்சென்று ஒளி விட்டது!

அடுத்த வருஷமே, 1978 ஜூலை 25-ல், இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். 1992-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் டாக்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் 'இக்ஸி' முறையில் குழந்தைகள் பிறந்ததை அறிவித்தார்கள்.

உள்ளே கொண்டுபோய் விட்டாச்சு. இனி என்ன கவலை? அங்கேதான் சிக்கல். சில தம்பதிகளுக்கு அத்தனை முட்டைகளிலும் ஊசி போட்டும், மறுநாள் காலை பார்த்தால் ஒன்றுகூடக் கருவுற்றிருக்காது. காசு போச்சு, நம்பிக்கையும் போச்சு. வீட்டில் பழி யார் மேல் விழும்? சந்தேகமென்ன, பெண் மேல்தான்!

குற்றவாளி யார்?

2002-ல் பிரிட்டனில் டோனி லாய், கார்ல் ஸ்வான் குழுவினர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். முட்டையை எழுப்பும் 'பி.எல்.சி. ஸீட்டா' என்ற புரதத்தைக் கொண்டுவருவது விந்தணு! அது குறைந்தாலோ பழுதானாலோ, விருந்தாளி உள்ளே வந்தும் வீடு விழிக்காது. சில ஆண்களுக்கு அந்தப் புரதத்தின் ஜீனிலேயே பிழை இருப்பது பிற்பாடு தெரிந்தது. அவர்களுடைய விந்தணுவைச் சுண்டெலி முட்டைக்குள் செலுத்தி, அது விழிக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் உண்டு.

பரிகாரம்? ஊசி போட்ட முட்டையைக் கொஞ்ச நேரம் 'கால்சியம் அயனோஃபோர்' கலந்த திரவத்தில் வைக்கிறார்கள். பல அலைகளுக்குப் பதில் ஒரே ஒரு பெரிய அலைதான். ஆனாலும் பல முட்டைகள் விழித்து, குழந்தைகளும் பிறந்திருக்கின்றன. கோளாறு முட்டையிலேயே இருந்தால் இது பலிக்காமல் போகலாம். எல்லாருக்கும் வேண்டிய வைத்தியமும் இல்லை. முக்கியமாக, கால்சியம் மாத்திரையை டப்பா டப்பாவாக விழுங்கினால் இது நடக்காது!

ஆகவே, முடிவு தெரியாமல் மருமகளைத் திட்டாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப ஆறு தடவை கத்தவைக்கும் பேரனையும் திட்டாதீர்கள். பாவம், முதல் நாளிலிருந்தே அவனுக்கு அதுதான் பழக்கம்!